கால் ஊன்றாமல் நிற்பது

சுதுகங்கைப் பாலத்தில் ஆமிக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிய அதே கிழமையில்தான், சைக்கிளில் ஏறி அசையாமல் நிற்கப் பழக வேண்டும் என்ற ஆசை தர்மராஜாவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்றே நோபர்ட் நினைத்தான். மூட்டை அடுக்குகிறவர்கள் அடுக்கட்டும், சைக்கிள் பழகுகிறவர் பழகட்டும். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் உக்குவளையில் எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் காலையில் எழும்பினார்கள்.

தர்மராஜா நோபர்ட்டின் வீட்டு முன்னறையில் போர்டிங் இருந்தவர். மாத்தளை டவுனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அளவெடுத்து வரைபடம் கீறுபவர். நாற்பது தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய் சொந்த ஊர். மனைவி மங்கையற்கரசியும் மகளும் ஊரில் இருந்தார்கள். ஊருக்குப் போகும் ஏ ஒன்பது வீதியை மூடிய பிறகு அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. கப்பலில் போகலாம், போனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்பதை எவராலும் சொல்ல முடியாது. திரும்பி வராவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ஊரில் இருப்பவர்களுக்கு அடுப்பு இல்லை. ஆகவே கந்தோருக்குப் போவதும் வருவதும், வந்து அறைக்குள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுமாக அந்த மனிதர் காலத்தைத் தள்ளினார்.

நோபர்ட்டுக்கு உள்ளூர் நூலகத்தில் உதவியாளர் வேலை. அவருக்கு நாலைந்து வயது இளையவன். சாய்ந்த நாற்காலியும் மனைவி டொறீனின் சமையலும் சேர்ந்து அவனுக்கு ஒரு நல்ல தொப்பையைத் தந்திருந்தன. வீட்டுக்காரனுக்கும் போர்டிங்காரருக்கும் இடையில் உண்டான பழக்கம், நாளடைவில் அண்ணன் தம்பி உறவாக இறுகிவிட்டிருந்தது.

ரயில் நிலையத்துக்கு அருகே நுஹ்மானின் சைக்கிள் கடை. ஒட்டுப் போடக் கொடுத்த டியூப்பை வாங்க இருவரும் போன அன்று, கடைத் தொலைக்காட்சியில் ஒரு சீடி ஓடிக்கொண்டிருந்தது. நுஹ்மானின் மச்சான் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. சீட்டே இல்லாத ஒரு சைக்கிளில் ஒருவன் பாறைக்குப் பாறை தாவினான். ஆள் உயரத் திண்டின் விளிம்பில் பின்சில்லை மட்டும் வைத்துக்கொண்டு, கொக்கைப்போல நின்று யோசித்தான். பிறகு அடுத்த பாறைக்குப் பாய்ந்தான்.

"இது கெமரா வேலை அண்ணே," என்றான் நோபர்ட்.

"இல்லைக் காணும். அவன்ர காலைப் பாரும். ஒருக்காலும் நிலத்தில வைக்கிறானில்லை."

"கால் வச்சாத்தான் மார்க் கொறையும்," என்றான் நுஹ்மான், டியூப்பைத் தண்ணீரில் அமுக்கியபடி. "அதுதான் வெளையாட்டே. எங்கட மச்சான் சொன்ன."

"அப்போ வேகமா ஓடுறதுக்கு மார்க் இல்லியா?" என்றான் நோபர்ட்.

"ஓடுறதுக்கு என்னத்துக்கு மார்க்? கீழ உழாம ஈக்கிறதுக்குத்தான்."

தர்மராஜா அந்தப் பதிலைக் கேட்டு மெல்லத் தலையாட்டினார். தனக்காகவே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்பதுபோல முகம் ஆகிவிட்டது. டியூப்பை மறந்துவிட்டு சீடியைத் திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் நுஹ்மான் கடையின் பின்பக்கத்துப் பழைய சைக்கிள் ஒன்று உரிபட்டது. மட்காட், கெரியர், ஸ்டாண்ட், பெல் எல்லாம் கழன்றன. சீட் அடிமட்டத்துக்கு இறங்கியது. முன்பக்கச் சங்கிலிச் சில்லுக்குப் பதிலாகச் சிறிய ஒன்றை நுஹ்மான் தேடிப் பூட்டினான். பிரேக் கட்டைகள் மட்டும் புத்தம் புதியவை. "பிரேக்தான் அண்ணன் இதுக்கு உசிரு. மத்ததெல்லாம் சும்மா," என்றான். தர்மராஜா விட்ட பாடில்லை. நோபர்ட்டின் மலைச் சைக்கிளுக்கும் அதே கதி நேர்ந்தது.

கோயில் வளவில் பழகினார்கள். மாலைச் செபத்துக்கு முன்னால் வளவு வெறுமையாக இருக்கும். பாதர் நல்ல மனிதர். பூச்சாடிகளை உடைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். முதல் நாள் தர்மராஜா குரோட்டன் செடிக்குள் விழுந்தார். இரண்டாம் நாள் நோபர்ட் மாதா கெபியின் படிக்கட்டில் விழுந்தான். பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, பலமான காலை முன்னுக்கு விட்டு, எழும்பி நின்று, முன்சில்லைச் சற்றே திருப்பி, பிரேக்கைப் பிடித்தும் பிடிக்காமலும் நிற்க வேண்டும். கேட்கத்தான் இலேசு. நின்றால் உள்ளங்கை எரிந்தது, கெண்டைக்கால் துடித்தது. மூச்சுவிட்டாலும் சைக்கிள் சாய்ந்தது.

"சில்லைப் பாக்காதையும், நோபர்ட். சில்லைப் பாத்தா சில்லோடயே விழுவீர். அங்கால ஒரு கல்லைப் பாரும். கண் போற இடத்துக்குத்தான் உடம்பும் போகும்."

"கல்லைப் பாத்தா கல்லுலதானே அண்ணே விழுவேன்?"

"விழும். விழுந்திட்டு ஏறும்."

டொறீன் ஒருநாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏங்க, ஒரே எடத்துல நிக்கிறதுக்கு எதுக்குங்க சைக்கிளு? சும்மா தரையில நின்னா ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்ததைக் கேட்டு தர்மராஜாவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நோபர்ட் அன்றைக்குத்தான் பார்த்தான்.

சில மாதங்களில் இருவரும் நிற்கப் பழகினார்கள். பிறகு இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தவளை மாதிரித் தத்தினார்கள். பிறகு வடிகால் விளிம்பில் முன்சில்லை ஏற்றி, நெஞ்சை முன்னுக்குத் தள்ளிப் பின்சில்லையும் ஏற்றினார்கள். நோபர்ட்டுக்கு சாண் உயரம் வந்தது. தர்மராஜாவுக்கு அதைவிடக் கூட வந்தது. வளவு போதாமல் போயிற்று. அவர் கண் ஆற்றுப் பாறைகள்மேல் விழுந்தது. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால், பாலத்துக்கு அப்பால் ஆற்றோரம் முழுக்க வெள்ளாடுகள் படுத்திருப்பதைப்போல் பாறைகள். அங்கே போக வேண்டுமானால் பாலத்தைக் கடக்க வேண்டும்.

பாலத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு பீப்பா, அந்தப் பக்கம் ஒரு பீப்பா. சைக்கிள்காரர்கள் முதற் பீப்பாவில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, மற்றப் பீப்பாவைத் தாண்டித்தான் ஏற வேண்டும். நடுவில் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள். நோபர்ட்டின் அட்டையில் பிறந்த இடம் உக்குவளை. சும்மா பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தர்மராஜாவின் அட்டையைப் பார்த்ததும் முகம் மாறும். அட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். பையைக் கொட்டச் சொல்வார்கள். இங்கே எதற்கு வந்தாய், யார் வீட்டில் இருக்கிறாய், பொலிசில் பதிந்தாயா என்று நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்பார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பிழிந்த துணியைப்போல வந்து சேர்வார்.

ஒரு மாலை, முன்னால் ஒரு லொறியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தர்மராஜா பீப்பாவடியில் பிரேக் பிடித்தார். இறங்க மறந்து, பெடலில் நின்றபடியே காத்திருந்தார். முன்சில்லு ஒரு விரற்கடை முன்னே போகும், ஒரு விரற்கடை பின்னே வரும். பண்டார என்ற இளம் சிப்பாய் ஒருவன் அதைக் கண்டான்.

"மஹத்தயா, விழமாட்டீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"இன்னும் இல்லை," என்றார் தர்மராஜா, அவருக்குத் தெரிந்த சிங்களத்தில்.

பண்டார சத்தமாகச் சிரித்தான். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். லொறி போன பிறகும் அவரை நிறுத்தி வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினான். எண்ணி முடித்ததும், "யன்ன, யன்ன," என்று கையை வீசி அனுப்பினான். அட்டையைக் கேட்க மறந்துபோனான்.

அன்றிலிருந்து அது பாலத்து வழக்கமாகிவிட்டது. பண்டார காவலில் நின்றால் தர்மராஜா இறங்குவதில்லை. பீப்பாவடியில் கால் ஊன்றாமல் நிற்பார். அவன் எண்ணுவான். ஊன்றினால் அட்டையைக் காட்ட வேண்டும், ஊன்றாவிட்டால் போகலாம் என்று அவனே ஒரு விதி வைத்தான். மற்றச் சிப்பாய்களும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஊன்றவே இல்லை.

நோபர்ட் ஒவ்வொரு முறையும் இறங்கித்தான் நடந்தான். சிரிக்கிறவர்களின் தோளில் தொங்கிய துப்பாக்கிகளை மட்டும்தான் அவன் கண் பார்த்தது.

"அண்ணே, எறங்கி நடங்க அண்ணே. ரெண்டு எட்டு நடக்கிறதுல என்னா கொறஞ்சி போகுது?"

"நடந்தா அட்டை. அட்டையைக் கண்டா யாழ்ப்பாணத்தான். இதில நிண்டா சைக்கிள்காரன். அவங்கள் என்னைப் பாத்துச் சிரிக்கிறது உமக்குப் பயமா இருக்கு. எனக்கு அவங்கள் சிரிக்காட்டித்தான் பயம்."

"இன்னிக்கு சிரிக்கிறவன் நாளைக்கு இருப்பானா?"

"நாளைக்கு ஆர்தான் இருப்பினம்? வாரும்."

ஆற்றோரத்தில் அவர் வேறு மனிதராகிவிடுவார். ஒவ்வொரு பாறையையும் சுற்றிப் பார்ப்பார். எந்தப் பக்கத்தால் ஏறலாம், எங்கே முன்சில்லை வைக்கலாம், எங்கே திரும்ப இடம் இருக்கிறது என்று விரலால் காற்றில் கோடு கீறுவார். கந்தோர்ப் பழக்கம் விடாது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பாறையின் உயரத்தையும், இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள வெளியையும் அளப்பார். "போன கிழமையைவிட இது நாலு விரல் கூட. இண்டைக்கு ஏறுறன் பாரும்," என்பார். ஏறும்போது முகத்தில் ஊரும் இல்லை, வீதியும் இல்லை. சில்லும் கல்லும் மட்டும்தான்.

மழை விட்டுப் பாறை காய்ந்திருந்த ஒரு பிற்பகலில், எதிர்க்கரையில் நம்பர் பிளேட் இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டி வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். தர்மராஜா நாடாவைப் பாறையின்மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். நோபர்ட் நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகத்தைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவசரமில்லாமல் வண்டியை உதைத்து, பாலத்தைக் கடந்து போனான். பாலத்தில் அவனை எவரும் மறிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மா வேலிக்கு மேலால் டொறீனைக் கூப்பிட்டாள். "ஏம்மா டொறீனு, ஒங்க போர்டிங் ஐயா பாலத்துக்குப் பக்கத்துல என்னமோ அளக்குறாராமே? கடையில பேசிக்கிறாங்க."

"கல்லைத்தான் அக்கா அளக்குறாரு. சைக்கிள் ஏத்துறதுக்கு."

"கல்லுக்கு மேல சைக்கிளா?" சுந்தரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாத்தான் சொல்ற. வேற யாருகிட்டயும் இப்பிடிச் சொல்லி வைக்காத."

டொறீன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நோபர்ட் அளவு நாடாவை எடுத்து மா டின்னுக்குள் ஒளித்து வைத்தான். தர்மராஜா தேடிப் பார்த்துவிட்டு, கேட்காமலே விட்டுவிட்டார்.

மாசி மாதத் தொடக்கத்தில் தம்புள்ளையில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. வானொலியில் செய்தி வந்தபோது மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். செத்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் கடைத்தெருவில் தெரிந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நுஹ்மான் நூலகத்துக்கு வந்து, புத்தக அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணன், கடையெல்லாம் செக் பண்றாங்க. அந்த சீடிய ஒடச்சி அடுப்புல போட்டுட்டேன். கோவிக்க வாணாம்," என்றான். வெளிநாட்டுச் சீடி எதைக் கண்டாலும் விசாரணை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தர்மராஜா கிழமைக் கணக்கில் சைக்கிளைத் தொடவில்லை. கந்தோர் விட்டு வந்ததும் படுத்துவிடுவார். ஊர்த் தொலைபேசித் தொடர்பு அடிக்கடி அறுந்தது. கிடைத்தாலும் மகள் பேசத் தொடங்கியதும் அறுந்தது. மின்விசிறி மட்டும் சுழன்றது. அவர் மறுபடி அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைக் காணக் காண நோபர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. கோயில் வளவிலாவது பழகலாமே என்று கேட்டால், "பாதருக்கு ஏன் கரைச்சல்," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நோபர்ட் வீட்டுக்கு வந்தபோது அவர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒருக்காப் போயிட்டு வருவம். நாரி விறைச்சுப்போச்சு."

"அண்ணே, பாலத்துல புது ஆளுங்க. பண்டாரவைக் காணோம்."

"தெரியும். அதுக்கென்ன, இறங்கி நடந்து போவம். அட்டையைக் கேட்டாக் காட்டுவம். நான் கள்ளனோ?"

இறங்கி நடப்பதாக அவர் சொன்னார். அவர் வாயால் சொன்னதை நோபர்ட் தன் காதால் கேட்டான். அந்த ஒரு உறுதியின்மேல்தான் அவன் தன் சைக்கிளை வெளியே எடுத்தான்.

வெயில் கொளுத்தியது. பாலத்தடியில் ஆட்கள் இல்லை. நோபர்ட் முன்னால் போனான். பீப்பாவுக்கு வெகு முன்னமே இறங்கி, கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். புதிய சிப்பாய் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அப்போது பின்னாலிருந்து தர்மராஜா வந்தார். சிப்பாய் திரும்பி, "நவத்தண்ட!" என்று கத்தினான்.

நிற்கச் சொல்லித்தான் கத்தினான். தர்மராஜாவின் உடம்பு நின்றது. இத்தனை மாதமாக அந்தப் பீப்பாவடியில் எப்படி நிற்கப் பழகியதோ அப்படியே நின்றது. இரண்டு பிரேக்கும் இறுகின. பெடல்கள் மட்டமாயின. முன்சில்லு சற்றே திரும்பியது. கால் கீழே வரவில்லை. முன்சில்லு ஒரு விரற்கடை முன்னே போய், ஒரு விரற்கடை பின்னே வந்தது.

சிப்பாயின் கண்ணுக்கு அது, பாயப்போகிறவன் பதுங்கியதாகத் தெரிந்தது. துப்பாக்கியின் பூட்டு இழுபடும் சத்தம் கேட்டது.

"பஹினவா! பஹினவா!"

"எறங்குங்க அண்ணே!" என்று நோபர்ட் கத்தினான். அதுவும் தமிழில் கத்திவிட்டான்.

தர்மராஜா அப்போதுதான் தன் காலையே கண்டவர்போலக் கீழே பார்த்தார். இறங்கினார். சைக்கிள் சரிந்து விழுந்தது. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தாமலே ஓர் அடி பின்வைத்தான். இருபது வயதுகூட இருக்காது. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து மற்றவர்கள் ஓடி வந்தார்கள். அட்டை கையிலிருந்து கைக்குப் போயிற்று. யாரோ அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்தார்கள்.

நோபர்ட் சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்பி அவர்களிடம் ஓடினான். தன் வீட்டில் போர்டிங் இருப்பவர், பொலிசில் பதிந்திருக்கிறது, அரசாங்க உத்தியோகம், வாத்தியார் மாதிரி மனிதர் என்று தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினான். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "வீட்டுக்குப் போ. விசாரித்துவிட்டுப் பின்னேரம் விடுவார்கள்," என்றான் வயதில் மூத்த ஒருவன், குரலில் கோபமில்லை. ஒரு வாகனம் வந்தது. தர்மராஜா ஏறும்போது திரும்பி, "தங்கச்சியிட்டச் சொல்லும், சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லி," என்றார்.

டொறீன் மூடி வைத்தாள். பின்னேரம் வந்தது, போனது.

அதற்குப் பிறகு அலைச்சல். பொலிசில் அப்படி ஒரு ஆளைப் பிடித்ததாகப் பதிவில்லை என்றார்கள். பாதர் கூடவே வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து அதையே மரியாதையாகச் சொன்னார்கள். கந்தோரின் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு, "பேரைச் சொல்லாமல் விசாரிக்கிறேன்," என்றார். பேரைச் சொல்லாமல் யாரை விசாரிப்பது?

மறு வாரம் நோபர்ட்டுக்கு அழைப்பு வந்தது. டவுனுக்கு வெளியே பழைய நெற்களஞ்சியத்தில் இருந்த ஆமி முகாமுக்கு வரவேண்டும். வரும்போது சைக்கிளையும் கொண்டுவர வேண்டும்.

அதிகாரி இளவயது ஆள். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் கேட்டான்.

"நூலகத்தில் வேலை செய்கிறவனுக்குப் பாறையேறும் பயிற்சி எதற்கு?"

"அது ஒரு விளையாட்டு, சேர்."

"யார் நடத்துகிறார்கள்? சங்கம் எங்கே? போட்டி எங்கே நடக்கும்?"

"போட்டி ஒன்றும் இல்லை, சேர். நாங்கள் இரண்டு பேரும்தான்."

"இந்த மாவட்டத்திலேயே இரண்டு பேர் விளையாடும் விளையாட்டு. யாரிடம் படித்தீர்கள்?"

"ஒரு சீடியில் பார்த்தோம்."

"கொண்டுவா."

நுஹ்மானின் பெயர் நோபர்ட்டின் வாய்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. "அது உடைந்துபோய்விட்டது, சேர்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தான். "பாலத்துக்குப் பக்கத்தில் நாடா பிடித்து அளந்திருக்கிறான். கேட்டால் அவனும் இதே கதையைத்தான் சொன்னான். கதை ஒன்றாக இருப்பது நல்லது. சேர்ந்து கட்டினாலும் ஒன்றாகத்தான் இருக்கும்." எழும்பி, முற்றத்தைக் காட்டினான். "பொய் சொல்ல வாயால் முடியும். உடம்பால் முடியாது. விளையாட்டு என்றால் விளையாடிக் காட்டு."

முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியின் சீமெந்துத் தளம் முழங்கால் உயரத்தில் இருந்தது. நோபர்ட் ஏறியிருந்ததெல்லாம் சாண் உயரம். முழங்கால் உயரம் ஏறுகிறவர் தர்மராஜா. சிப்பாய்கள் வேலையை விட்டுவிட்டு வட்டமாகக் கூடினார்கள். சுற்றிலும் சன்னல்கள் சாத்தியிருந்தன. அவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நோபர்ட் நம்பினான். விழுந்தால் பொய்யன். பொய்யன் ஒருவனல்ல, இரண்டு பேர்.

முதலில் நின்று காட்டினான். முன்சில்லு ஒரு விரற்கடை முன்னே போய், ஒரு விரற்கடை பின்னே வந்தது. தத்தினான். யாரோ விசிலடித்தான். தளத்தை நோக்கி மெதுவாக உருட்டிக்கொண்டு போய், முன்சில்லைத் தூக்கி விளிம்பில் வைத்தான். பாதி மேலே, பாதி கீழே, தொங்கிக்கொண்டு நின்றான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சில்லைப் பார்க்காமல், தொட்டிச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்த இடம் ஒன்றைப் பார்த்தான். முழங்காலை மடித்து, உடம்பில் இருந்த தொப்பை, பயம் எல்லாவற்றையும் சேர்த்து முன்னுக்கு எறிந்தான். சங்கிலி சீமெந்தில் உரசிக் கிறீச்சிட்டது. பின்சில்லு வழுக்கியது, பிடித்தது, ஏறியது.

கைதட்டினார்கள். உண்மையாகவே கைதட்டினார்கள். அதிகாரியும் சிரித்தான். சிரித்தபோது முகம் பள்ளிக்கூடப் பையனுடையதாக இருந்தது.

"சரி. இது விளையாட்டுத்தான். நம்புகிறேன்."

நோபர்ட் தளத்தின் மேலிருந்து இறங்கவில்லை. "அப்படியென்றால் அவரை விட்டுவிடுவீர்களா, சேர்?"

"யாரை?"

"தர்மராஜாவை."

"அவன் இங்கே இல்லையே," என்றான் அதிகாரி. நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதைப்போலத்தான் சொன்னான். "அன்றைக்கே வேறு ஆட்கள் வந்து கொண்டுபோய்விட்டார்கள். நான் அவனோடு பேசியது கால் மணித்தியாலம்தான்."

"எங்கே, சேர்?"

அதிகாரி சைக்கிளைச் சுற்றி வந்து, பிரேக்கை அமுக்கிப் பார்த்தான். "நல்ல பிரேக். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வா. இவன்களுக்குப் பொழுது போவதில்லை. நானும் விசாரித்து வைக்கிறேன்."

நோபர்ட் போனான். "போகாதீங்க. ஒரு நாளைக்கு ஒங்களையும் உள்ளயே வச்சிக்குவானுங்க," என்று டொறீன் அழுதாள். "நான் போகாட்டி அவரு பேர அங்க யாரு சொல்றது?" என்று அவன் கேட்டான். அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த முகாமின் கேற்று அவனுக்குத் திறந்தது சைக்கிளுக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டிலிப்பாயிலிருந்து மங்கையற்கரசியின் அழைப்பு வரும். "கேட்டனீங்களோ, தம்பி?" என்பாள். கேட்டதாகச் சொல்வான். விசாரிக்கிறார்களாம் என்பான். ஒருமுறை அவள், "இவர் சைக்கிளில நிண்டவர் எண்டு சொல்லுறீங்கள். எப்பிடி நிண்டவர்?" என்று கேட்டாள். பெடல் மட்டத்திலிருந்து பார்வை வரை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தான். "இஞ்ச இருக்கேக்க பஞ்சியில எழும்பிக் கடைக்கும் போகமாட்டார்," என்றாள் பிறகு.

ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு அலுத்துவிடும். அலுத்தால் கேற்று திறக்காது. ஆகவே நோபர்ட் விடியற்காலைகளில் கோயில் வளவில் தனியாகப் பழகினான். பக்கவாட்டில் தாவப் பழகினான். பின்சில்லில் மட்டும் நிற்கப் பழகினான். தொப்பை வற்றியது. நாலைந்து மாதத்துக்குள், தர்மராஜா ஏறிய உயரங்களை எல்லாம் தாண்டிவிட்டான். ஏறிய ஒவ்வொரு முறையும், இறங்குவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டான். விசாரிக்கிறேன் என்றார்கள். இன்னும் தகவல் இல்லை என்றார்கள். ஒருமுறை தேநீர் கொடுத்தார்கள்.

புரட்டாதியில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனான். புதிதாக வந்தவன் தடித்த, தூக்கக் கண் கொண்ட ஆள். நோபர்ட் ஆடிக் காட்டியதை நாற்காலியில் இருந்தபடி பார்த்தான். முடிந்ததும் நோபர்ட் வழமைபோலக் கேட்டான்.

"யார் அது?" என்றான் புதியவன்.

நோபர்ட் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான், கந்தோரைச் சொன்னான், பிடித்த நாளைச் சொன்னான். அதிகாரி, பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தான். சிப்பாய் உதட்டைப் பிதுக்கினான். அந்த முகாமில் அப்படி ஒருவர் வந்து போனதை அறிந்த எவரும் இப்போது இல்லை. பெயரை முழுதாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள், சைக்கிளோடு முற்றத்தில் நின்றவன்தான்.

"பார்க்கலாம்," என்றான் அதிகாரி கொட்டாவியோடு. பிறகு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினான். "அடுத்த முறை அந்த மேசையில் ஏறு. ஏறினால் நானே கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்கிறேன்."

மேசை இடுப்பளவு உயரம். அந்த உயரத்துக்கு எப்படி ஏறுவது என்று நோபர்ட்டுக்குத் தெரியாது; சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே, வீட்டு மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் வளவில் வைத்து, பழகத் தொடங்கினான்.